‘முடியவில்லை’ என்று சொல்லும் துணிவு



காய்ச்சல் வந்தால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கால் சுளுக்கினால் அன்றைக்கே யாரையாவது அழைத்துக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, ‘ஏன் இன்னும் இருக்கிறோம்’ என்ற எண்ணம் வந்து வந்து போகிறது என்றால் மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. யாராவது கேட்டால், “என்னமோ மாதிரி இருக்குப்பா, சரியாயிடும்” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் மனம் உடைவதற்கான காரணங்களுக்குக் குறைவில்லை. மழையை நம்பிய மானாவாரி நிலம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயலில் ஒரே இரவில் சாய்ந்துபோன தென்னந்தோப்புகள். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும், கடலுக்குப் போனவர் எப்போது திரும்புவாரோ என்று காத்திருக்கும் குடும்பங்கள். வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் கணவர் உழைக்க, இங்கே பிள்ளைகளையும் கடனையும் தனியாகச் சுமக்கும் பெண்கள். தேர்வு முடிவுக்கு அஞ்சும் மாணவர்கள். எந்த வெளிக்காரணமும் இல்லாமலே நோயாக வரும் மனச்சோர்வும் உண்டு. இவர்களில் பலர் ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்திலேயே நிற்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களோடு வாழும் நமக்காகவும் இந்தச் சிந்தனை.

சூரைச்செடியின் கீழ் ஓர் இறைவாக்கினர்

அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கார்மேல் மலையில் நெருப்பை வரவழைத்த அதே எலியா, சில நாள்களில் உயிருக்கு அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளரை விட்டுவிடுகிறார். தனியாகப் பாலைநிலத்தில் ஒருநாள் பயணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தமக்குச் சாவு வர வேண்டும் என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார். மனச்சோர்வு கண்டவர் செய்வதெல்லாம் இதில் இருக்கிறது: இருந்த ஒரு துணையையும் விலக்குவது, ஒதுங்குவது, தன் வாழ்வு வீண் என்று நினைப்பது, எழ மனமின்றிக் கிடப்பது.

கடவுள் என்ன செய்தார்? ‘இவ்வளவு பெரிய அடையாளத்தைப் பார்த்தபிறகும் உனக்கு விசுவாசம் இல்லையா?’ என்று கேட்கவில்லை. வானதூதர் வந்து அவரைத் தொட்டு எழுப்பினார். சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. உண்டார், மீண்டும் உறங்கினார். தூதர் இரண்டாம் முறையும் வந்து எழுப்பி, பயணம் நெடியது என்று சொல்லி உண்ணச் செய்தார். முதலில் உணவு, உறக்கம், ஒரு தொடுதல். அதற்குப் பிறகே ஓரேபு மலையும் இறைவனின் மெல்லிய குரலும். இறுதியில் அவருடைய பணியைப் பகிர்ந்துகொள்ள எலிசா என்ற துணையையும் கடவுள் கொடுத்தார். சோர்ந்தவரைக் கடவுள் கடிந்துகொள்ளவில்லை, கவனித்துக்கொண்டார்.

ஆண்டவரே துணை தேடினார்

கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர் தம் துயரத்தை மறைக்கவில்லை. பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் அருகில் அழைத்து, தம் உள்ளம் சாகும் அளவுக்குத் துயருற்றிருப்பதை வாய்விட்டே சொன்னார். தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். தந்தையிடம் செபித்தார், மனிதரிடம் துணையும் கேட்டார். ஒன்றைச் செய்ததால் மற்றதை விட்டுவிடவில்லை.

அந்த நண்பர்களோ தூங்கிவிட்டார்கள். ஆனாலும் ஆண்டவர் மூன்று முறை அவர்களிடம் வந்தார். இது நமக்குப் பெரிய பாடம். துணிந்து ஒருவரிடம் சொன்னோம், அவர் ‘இதெல்லாம் ஒரு பிரச்சினையா?’ என்று தட்டிக்கழித்துவிட்டார் என்றால், அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. அவர் தூங்கிவிட்டார், அவ்வளவுதான். இன்னொருவரிடம் சொல்லுங்கள். கேட்கும் ஒருவர் கிடைக்கும்வரை சொல்லுங்கள்.

நம்மைத் தடுக்கும் இரண்டு அச்சங்கள்

முதல் அச்சம்: ‘எனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் இப்படி.’ குழந்தை இயேசுவின் புனித தெரசாவின் தந்தை லூயி மார்ட்டினை நினைத்துப் பாருங்கள். செபமும் தருமமும் நிறைந்த மனிதர். தம் பெண்மக்களைத் துறவறத்திற்குக் கொடுத்தவர். முதுமையில் அவருக்கு மூளையைப் பாதித்த நோய் வந்து மனம் குழம்பியது. 1889 பிப்ரவரியில் கான் நகரிலிருந்த மனநோயாளர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். மகள்கள் மடத்துக்குப் போனதால்தான் இப்படி ஆனது என்று ஊரார் பேசினார்கள். தெரசா அந்தப் பேச்சையும் சுமந்தார். அதே லூயி மார்ட்டினை, மனைவி செலியோடு சேர்த்து, 2015 அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். மனநோய் ஒருவருடைய புனிதத்துக்குத் தடை அல்ல.

அந்தத் திருத்தந்தையே, தாம் 42 வயதாயிருந்தபோது மனதில் தெளிவு வேண்டி உளப்பகுப்பாய்வு நிபுணரான ஒரு யூதப் பெண்மணியிடம் ஆறு மாதம் வாரம் ஒருமுறை சென்றதை, 2017-இல் வெளியான நேர்காணல் நூலில் வெளிப்படையாகச் சொன்னார். இயேசு சபையின் மாநிலத் தலைவராயிருந்த ஒரு குருவுக்கு அது வெட்கமாகப் படவில்லை. சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று கற்பிக்கிறது. நோயுற்றவர் செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்று அதே அதிகாரம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

இரண்டாம் அச்சம்: ‘ஊர் என்ன சொல்லும்?’ ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று நாம் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல், எத்தனை பேரை மருத்துவமனை வாசலுக்கே போகவிடாமல் தடுத்திருக்கிறது! மகளுக்கு வரன் அமையாது, மகனுக்கு வேலை போய்விடும் என்று அஞ்சி நோயை மூடி வைக்கிறோம். மூடி வைத்த நோய் முற்றுகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. அதாவது பத்துப் பேரில் ஒருவர். நோய்க்கு நோய் மாறினாலும், பாதிக்கப்பட்டவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றும் அந்த ஆய்வு கூறியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது.

சங்கிலியில் கட்டப்பட்டவர்கள்

2001 ஆகஸ்ட் 6. திருச்சபை ஆண்டவரின் உருமாற்ற விழாவைக் கொண்டாடும் நாள். அன்று அதிகாலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். குணமாக வேண்டும் என்ற நம்பிக்கையோடு குடும்பங்கள் கொண்டுவந்து விட்ட மனிதர்கள் அவர்கள். பக்தி தவறன்று. மருத்துவத்தை விலக்கி, மனிதரைச் சங்கிலியில் கட்டியதே தவறு. இந்தக் குற்றம் ஒரு மதத்துக்கோ ஓர் ஊருக்கோ மட்டும் உரியதும் அன்று. எல்லாச் சமயத்தாரின் புனிதத் தலங்களுக்கும் இப்படி நோயாளிகள் அழைத்து வரப்படுகிறார்கள். நமது தலங்களுக்கும் வருகிறார்கள். பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே மருந்தும் பிரார்த்தனையும் கைகோத்து நடக்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது.

உருமாற்ற மலையிலிருந்து ஆண்டவர் இறங்கியதும் நடந்ததை மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நோயுற்ற மகனோடு ஒரு தந்தை நிற்கிறார். தமக்கு நம்பிக்கை உண்டு என்றும், அந்த நம்பிக்கை போதாது என்றும் ஒரே மூச்சில் கதறி உதவி கேட்கிறார். தம் குறையைச் சொல்லிக்கொண்டே கை நீட்டிய அவரை இயேசு திருப்பி அனுப்பவில்லை. உதவி கேட்க முழுமையான விசுவாசம் வேண்டியதில்லை. கேட்பதே விசுவாசத்தின் தொடக்கம்.

நம் ஊருக்கு வந்த பேருந்து

1984-இல் மருத்துவர் சாரதா மேனன் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர் அவர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர். 2021 டிசம்பரில் காலமானார்.

அவர் தொடங்கிய அந்த நிறுவனம் 2010-இல் நமது புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஆலோசனை அறையும் மருந்தகமும் அமைத்து அதற்கென்றே கட்டப்பட்ட பேருந்து. கிராமத்தில் நோயாளி அதில் ஏறி உட்காருவார். சுமார் 390 கிலோமீட்டர் தொலைவில் சென்னையிலிருக்கும் மனநல மருத்துவர் திரையில் தோன்றி அவரோடும் குடும்பத்தாரோடும் பேசுவார். மருத்துவர் எழுதும் மருந்து அங்கேயே இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போய், நோயாளிகளைக் கண்டறிந்து, மருந்தை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று பார்த்துவந்தார்கள். மருத்துவமனைக்குப் போக ஒருநாள் கூலியை இழக்க வேண்டும், கூடவரும் ஒருவருடைய கூலியும் போகும், பஸ் செலவு வேறு. அதனாலேயே வீட்டிலிருந்தவர்களைத் தேடி மருத்துவம் வந்தது.

எலியாவைத் தேடி அப்பம் சூரைச்செடிக்கே வந்தது போலத்தான் இதுவும். ஆனால் பேருந்து வாசலுக்கே வந்தாலும், ஏறி உட்கார்ந்து ‘எனக்கு இப்படி இருக்கிறது’ என்று சொல்ல வேண்டியவர் நோயாளியே. அந்த ஒரு சொல்லை வேறு யாரும் அவருக்காகச் சொல்ல முடியாது.

எப்போது உதவி தேட வேண்டும்?

இழவு வீட்டில் அழுவதும், கடன் வந்தால் கவலைப்படுவதும் நோயல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் மனம் கனத்திருந்தால், பிடித்த வேலையிலும் ஆர்வம் போய்விட்டால், தூக்கமும் பசியும் கெட்டால், காரணமில்லாத குற்ற உணர்வு வாட்டினால், அது கவனிக்க வேண்டிய நிலை. நம் மக்கள் பலருக்கு இது மனவேதனையாகத் தெரியாது. தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, தீராத உடம்புவலி என்றுதான் தெரியும். பிரசவமான தாய்மார்களுக்கும் வரலாம். காதில் யாரோ பேசுவது போலக் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராகச் சூழ்ச்சி செய்வதாகத் தோன்றுவது ஆகியவையும் நோயின் அடையாளங்களே. இவற்றைப் பேய் என்றோ செய்வினை என்றோ சொல்லி நாள் கடத்த வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது? யாரிடம் பேசுவது?

மாவட்ட மனநலத் திட்டம் தமிழகத்தில் 1997-இல் அண்டை மாவட்டமான திருச்சியில்தான் முதலில் தொடங்கப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகள் வழியாக மற்ற மாவட்டங்களிலும் மனநல சேவை கிடைக்கிறது. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. அங்கே புறநோயாளிச் சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டால் போதும். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லலாம்.

வீட்டிலிருந்தே பேச விரும்புவோருக்கு 14416 என்ற எண் உண்டு. 2022 அக்டோபரில் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ சேவை இது. தமிழக அரசு இதை ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடத்துகிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் சென்னை ‘சிநேகா’ அமைப்பின் எண் 044-24640050. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் உடனே 108-ஐ அழையுங்கள். அந்த மனிதரைத் தனியாக விடாதீர்கள்.

மருத்துவர் என்ன செய்வார் என்ற பயம் பலருக்கு உண்டு. அவர் முதலில் கேட்பார்: எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, வீட்டில் என்ன நிலைமை என்று. தைராய்டு போன்ற உடல்நோய் காரணமா என்று பார்க்க இரத்தப் பரிசோதனை எழுதலாம். சிலருக்குப் பேச்சு வழி ஆலோசனையே போதும், சிலருக்கு மாத்திரை தேவைப்படும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். ‘நாலு நாள் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை’ என்று விட்டுவிடக் கூடாது. நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தவும் கூடாது.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம் (2017), மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. முயன்றவரைக் குற்றவாளியாக்கிய பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. எனவே போலீஸ் கேஸ் ஆகும் என்று அஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

எப்படிச் சொல்வது?

நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. “அண்ணே, எனக்கு மனசு சரியில்ல. ரெண்டு மாசமாத் தூக்கம் இல்ல. என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?” இவ்வளவு போதும். அம்மாவிடமோ அக்காவிடமோ ஆசிரியரிடமோ சொல்லலாம். பங்குத்தந்தையிடம், “சாமி, பாவசங்கீர்த்தனத்துக்கு வரல, கொஞ்சம் பேசணும்” என்று நேரம் கேட்கலாம். ஒப்புரவு அருட்சாதனம் பாவத்திலிருந்து விடுதலை தருகிறது. நோய்க்கு மருத்துவர் வேண்டும். அருட்தந்தையர் நல்ல மருத்துவரிடம் அனுப்பி வைப்பதும் மேய்ப்புப் பணியே.

கேட்பவர்களாகிய நாம்

மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வந்தார்கள். வழியில்லாதபோது கூரையைப் பிரித்தார்கள். நமது அன்பியங்களும், மரியாயின் சேனையும், வின்சென்ட் தே பால் சபையும், இளையோர் இயக்கங்களும் அந்த நால்வராக வேண்டும். தொடர்ந்து பூசைக்கு வராதவர் யார், கூட்டத்தில் பேசாமல் ஒதுங்குபவர் யார் என்று பாருங்கள். வீட்டுக்குப் போங்கள். அறிவுரையைக் குறைத்து, அதிகம் கேளுங்கள். ‘சாகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. பாரத்தை இறக்கி வைக்கவே வழி செய்யும். கூடவே மருத்துவமனைக்குப் போங்கள். கேட்டதை ஊரில் பரப்பாதீர்கள்.

தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. 1917-இன் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-இன் சட்டம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. கடுமையான மனக்கலக்கம் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2282, 2283) போதிக்கிறது. எனவே அந்தக் குடும்பத்தை ஒதுக்காதீர்கள். மற்றெந்தத் துக்க வீட்டுக்கும் போவது போல அங்கும் போங்கள்.

2006-ஆம் ஆண்டின் உலக நோயாளர் தினச் செய்தியைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் மனநோயுற்றோரை மனதில் கொண்டே எழுதினார். 2025 நவம்பர் மாதச் செபக்கருத்தாகத் திருத்தந்தை பதினான்காம் லியோ தற்கொலைத் தடுப்பைத் தேர்ந்தெடுத்தார். திருச்சபை இதை மூடி மறைக்கும் விஷயமாக எண்ணவில்லை. நாமும் எண்ண வேண்டாம்.

சிந்திக்க

1. என் மனதின் உண்மை நிலையைச் சொல்ல எனக்கு ஒருவராவது இருக்கிறாரா? இந்த வாரம் அவரிடம் பேசுவேனா?
2. யாராவது என்னிடம் சொல்ல வந்தபோது நான் கெத்சமனிச் சீடர்களைப் போலத் தூங்கிவிட்டேனா?
3. 14416 என்ற எண்ணை எங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோமா?

செபம்

எலியாவைச் சூரைச்செடியின் கீழ் தேடி வந்த இறைவா, இன்று எழ மனமின்றிக் கிடக்கும் உம் பிள்ளைகளையும் தேடி வாரும். ‘முடியவில்லை’ என்று சொல்லும் துணிவை அவர்களுக்கும், அதைக் கேட்கும் செவியை எங்களுக்கும் தாரும். மருத்துவர்களின் கைகளையும் ஆலோசகர்களின் சொற்களையும் ஆசீர்வதியும். ஆவூரில் எங்கள் முன்னோர் தேடி வந்த பெரியநாயகி அன்னையே, தனிமையில் விழித்திருப்போரோடு இன்றிரவு நீரும் விழித்திருந்து, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.